பத்திரம் எழுதிக்கொண்டால் போதாதா?

கேள்வி இதுதான்: "தன்பாலின இணையர் சேர்ந்து வாழ்வதை இப்போது பல நாடுகளில் சட்டம் தடுப்பதில்லை. உயில் எழுதலாம், வங்கியில் கூட்டுக் கணக்கு வைக்கலாம், பவர் பத்திரம் கொடுக்கலாம். அப்புறம் திருமணச் சட்டம் எதற்கு? மணமானவர்களுக்குக் கிடைத்து இவர்களுக்குக் கிடைக்காதது அப்படி என்ன இருக்கிறது?"

கேட்க வேண்டிய கேள்விதான். பத்திரம் போதாது என்பது என் பதில். ஏன் போதாது என்பதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அடிப்படை. இரண்டு பேர் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் அந்த இரண்டு பேரை மட்டுமே கட்டும். திருமணம் மூன்றாம் மனிதரையும் கட்டும். மருத்துவமனை, வரி அலுவலகம், வேலை கொடுத்தவர், வீட்டு உரிமையாளர், குடியேற்ற அதிகாரி, இறந்தவரின் அண்ணன் தம்பி என்று யாரும் அந்தத் திருமணத்துக்குச் சம்மதம் கொடுத்தவர்கள் அல்லர். ஆனாலும் "நான் அவருடைய மனைவி" என்று ஒருத்தர் சொன்னதும், சட்டம் சொல்கிறபடி அவர்கள் எல்லோரும் நடந்தாக வேண்டும். எவ்வளவு நல்ல வக்கீலை வைத்து எவ்வளவு கச்சிதமாக எழுதினாலும், கையெழுத்துப் போடாத ஆளைப் பத்திரத்தால் கட்ட முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் புரியும்.

எத்தனை இடங்களில் இது வருகிறது என்று அமெரிக்காவில் எண்ணியே பார்த்தார்கள். அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2004-ல் கொடுத்த கணக்கின்படி, ஒருவர் மணமானவரா இல்லையா என்பதைப் பார்த்து உரிமையோ சலுகையோ முடிவாகும் கூட்டாட்சிச் சட்டப் பிரிவுகள் 1,138. மாநிலச் சட்டங்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. மணமான எவரும் இவற்றை உட்கார்ந்து படித்திருக்க மாட்டார்கள். படிக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட நிமிடத்தில் அத்தனையும் தானாக வந்து சேர்ந்துவிடுகிறது. தன்பாலின இணையர் இதில் பத்தையோ இருபதையோ பத்திரங்கள் மூலம் செய்துகொள்ளலாம், அதுவும் முன்யோசனையும் பணமும் இருந்தால். மீதியை எந்தப் பத்திரமும் தராது.

மருத்துவமனையில் தொடங்குகிறேன். பலருக்கு முதல் அடி அங்கேதான் விழுகிறது. ஒருவர் நினைவில்லாமல் கிடக்கிறார். அறுவைச் சிகிச்சைக்கு யாராவது கையெழுத்துப் போட வேண்டும். "நீங்க யாரு?" என்று கேட்கிறார்கள். "கணவர்" என்று சொன்னால் யாரும் திருமணச் சான்றிதழை எடுத்துக்காட்டச் சொல்வதில்லை. "கூடவே இருக்கிறவர்" என்று சொன்னால், "ரத்த சொந்தம் யாராவது இருந்தா கூப்பிடுங்க" என்பார்கள். அப்படிக் கூப்பிடப்படுகிறவர் பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனாக இருக்கலாம். அவர் வந்த பிறகு யார் உள்ளே போகலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்வார்.

இதற்குத்தான் பவர் பத்திரம் இருக்கிறதே என்று தோன்றும். இந்தியச் சட்டத்தில் அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதிகாரம் கொடுத்தவர் சித்த சுவாதீனத்தை இழந்தால், ஒப்பந்தச் சட்டத்தின்படி அந்த அதிகாரமும் முடிந்துபோகிறது. அதாவது எந்த நிலைக்குப் பயந்து பத்திரம் எழுதினார்களோ, அந்த நிலை வந்த அன்றே பத்திரம் செத்துவிடுகிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நினைவு போன பிறகும் நீடிக்கும் அதிகாரப் பத்திரத்துக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் கோமாவில் கிடப்பவரின் வங்கிக் கணக்கை இயக்கவும் சொத்தைக் கவனிக்கவும் உயர் நீதிமன்றத்துக்குப் போய்க் காப்பாளராக நியமனம் பெற வேண்டும். அங்கேயும் மனைவியோ மகனோ போய் நின்றால் யார் என்ற கேள்வி எழாது. இணையர் போய் நின்றால் முதல் கேள்வியே அதுதான்.

இங்கே ஒரு நல்ல விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், பலருக்கு இது தெரிவதில்லை. இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பதினெட்டு வயது நிறைந்த எவரும் தனக்கு விருப்பமான ஒருவரைத் தன் நியமனப் பிரதிநிதியாக எழுதிவைக்கலாம் என்கிறது. உறவினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். மனநோய்க்குக் கொடுத்த இந்த உரிமையை உடல்நோய்க்கும் கொடுப்பதில் என்ன தடை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. உடல்நோய் விஷயத்தில் இருப்பது முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தல் மட்டும்தான். உச்ச நீதிமன்றம் 2018-ல் அதற்கு அனுமதி கொடுத்து, 2023-ல் நடைமுறையைச் சுலபமாக்கியது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று இருந்தால் ஆயிற்று. ஆனால் அது மீள முடியாத கட்டத்தில் உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதற்கானது. குடல்வால் அறுவைக்கு யார் கையெழுத்துப் போடுவது என்பதற்கு அது உதவாது.

அமெரிக்காவில் 2010-ல் அதிபர் ஒபாமா, அரசு மருத்துவக் காப்பீட்டுப் பணம் பெறும் மருத்துவமனைகள் எல்லாம் நோயாளி யாரைப் பார்க்க விரும்புகிறாரோ அவரை அனுமதிக்க வேண்டும் என்று விதி கொண்டுவரச் சொன்னார். திருமண உரிமை நாடு முழுக்க வருவதற்கு ஐந்து வருடம் முன்பே இதைச் செய்ய முடிந்தது. திருமணச் சட்டத்தைத் தொடாமலே சரிசெய்யக்கூடிய விஷயங்கள் இருக்கின்றன, அரசுக்கு மனம் இருந்தால் நாளைக்கே செய்யலாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உறுப்பு தானமும் இதே கதைதான். இந்திய உறுப்பு மாற்றுச் சட்டத்தில் நெருங்கிய உறவினர் என்றால் கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள். இருபது வருடம் ஒன்றாக வாழ்ந்த இணையர் தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுக்க முன்வந்தால், அதை விற்கவில்லை, அன்பினால்தான் கொடுக்கிறேன் என்று அனுமதிக் குழுவின் முன் நிரூபிக்க வேண்டும். நோயின் நடுவில் அலைய வேண்டிய அலைச்சலா இது?

சரி, மரணத்துக்கு வருகிறேன். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ஒரு ஆண் உயில் எழுதாமல் இறந்தால் முதல் வரிசையில் தாய், மனைவி, பிள்ளைகள். அவர்கள் இல்லையென்றால் தந்தை, உடன்பிறந்தோர் என்று போய், அப்புறம் தந்தைவழிச் சொந்தம், அதன் பிறகு தாய்வழிச் சொந்தம். முகமே பார்த்திராத ஒன்றுவிட்ட உறவுவரை அந்த வரிசை நீள்கிறது. கூட வாழ்ந்தவருக்கு அதில் கடைசி இடம்கூடக் கிடையாது. எனவே உயில் கட்டாயம் வேண்டும். உயிலை வைத்துச் செய்ய முடிவது நிறையவே இருக்கிறது. இரண்டு சாட்சிகள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. முஸ்லிம்களுக்கு மட்டும், தனிச்சட்டத்தின்படி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியாருக்கு எழுத வாரிசுகளின் சம்மதம் தேவைப்படும். உயிலில் உள்ள ஆபத்து வேறு. குடும்பம் வழக்குப் போட்டால், சுயநினைவோடு எழுதினாரா, மிரட்டி வாங்கினார்களா என்று இணையர் வருடக்கணக்கில் நீதிமன்றத்தில் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

நாமினியாகப் போட்டுவிட்டால் பணம் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இந்தத் தப்பான நம்பிக்கையால் ஏமாறுகிறவர்கள் அதிகம், அதனால் அழுத்திச் சொல்கிறேன். நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர், அவ்வளவுதான். அது வாரிசுகளைச் சேரும் என்று உச்ச நீதிமன்றம் காப்பீட்டு விஷயத்தில் 1983-லேயே சொன்னது. பங்குகள் விஷயத்தில் 2023-லும் அதே நிலையை உறுதி செய்தது. காப்பீட்டுச் சட்டத்தை 2015-ல் திருத்தி, சில நாமினிகளுக்குப் பணமே சொந்தம் என்று ஆக்கினார்கள். யார் அந்தச் சிலர்? பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள். இணையர் பழைய இடத்திலேயே நிற்கிறார். வருங்கால வைப்பு நிதியில் நிலைமை இன்னும் மோசம். சந்தாதாரரை நம்பி வாழும் பெற்றோர் இருந்தால், சட்டத்தின் கண்ணில் அவருக்குக் குடும்பம் இருக்கிறது. அப்படி இருக்கும்போது குடும்பத்துக்கு வெளியே ஒருவரை நாமினியாகப் போட்டால் அந்த நியமனமே செல்லாது. கிராஜுவிட்டியிலும் ஏறக்குறைய இதே விதிதான்.

மரணத்தில் பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஜிம் ஓபர்கெஃபெல், ஜான் ஆர்தர் என்ற இருவர் இருபது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஆர்தருக்கு நரம்புச் சிதைவு நோய். படுத்த படுக்கையாகிவிட்டார். அவர்கள் மாநிலத்தில் திருமணம் செய்ய முடியாது. 2013 ஜூலையில் மருத்துவ விமானம் ஒன்றில் மேரிலாந்து மாநிலத்துக்குப் பறந்து, ஓடுபாதையில் விமானம் நின்றிருந்தபோது அதற்குள்ளேயே மணம் செய்துகொண்டு திரும்பினார்கள். மூன்று மாதத்தில் ஆர்தர் இறந்தார். இறப்புச் சான்றிதழில் "உயிருடன் உள்ள துணைவர்" என்ற கட்டத்தில் தன் பெயர் வர வேண்டும் என்பதுதான் ஓபர்கெஃபெல் கேட்டது. சொத்தைக் கேட்கவில்லை. அந்த வழக்குதான் மேலே போய், 2015 ஜூன் 26 அன்று அமெரிக்கா முழுவதும் திருமண உரிமையைக் கொண்டுவந்தது. ஒரு படிவத்தின் ஒரு கட்டம். எந்த வக்கீலும் அதைப் பத்திரத்தில் எழுதி வாங்கித் தர முடியாது.

அதற்கு இரண்டு வருடம் முந்தைய வழக்கு வரி பற்றியது. எடித் விண்ட்சர், தியா ஸ்பையர் இருவரும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாக இருந்தவர்கள். 2007-ல் கனடாவில் மணம் செய்துகொண்டார்கள். 2009-ல் ஸ்பையர் இறந்தார். அவருடைய சொத்து விண்ட்சருக்கு வந்தது, ஆனால் கூட்டாட்சி அரசு அந்தத் திருமணத்தை ஏற்கவில்லை. கணவன் மனைவிக்குள் சொத்துப் போனால் வரியே இல்லை என்ற விலக்கு கிடைக்காமல், விண்ட்சர் 3,63,053 டாலர் கட்ட வேண்டிவந்தது. ஸ்பையர் ஒரு ஆணாக இருந்திருந்தால் ஒரு டாலர்கூடக் கட்டியிருக்க வேண்டாம். 2013-ல் உச்ச நீதிமன்றம் விண்ட்சர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சொத்து உயில் இருந்தால் வரும், வரிவிலக்கு வராது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்தியாவில் இறப்பு வரி கிடையாது. ஆனால் உயிரோடு இருக்கும்போது கொடுப்பதில் சிக்கல் வரும். உறவினர் அல்லாதவரிடமிருந்து ஒரு வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாகப் பெற்றால், அது பெற்றவரின் வருமானமாகக் கருதப்பட்டு வரி விதிக்கப்படும். உறவினர் என்ற வரையறையில் மனைவியின் தம்பி இருக்கிறார், அந்தத் தம்பியின் மனைவிகூட இருக்கிறார். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவர் இல்லை. உயில் மூலம் வருவதற்கு இந்த வரி இல்லை என்பதால், வீட்டில் பாதியை இப்போதே எழுதிக் கொடுக்கலாம் என்று நினைக்கும் இணையருக்கு, அதை உயிலில் எழுதுங்கள் என்றுதான் ஆலோசனை சொல்ல வேண்டியிருக்கிறது. உயிரோடு இருக்கும்போது பங்கு கிடைக்காது, செத்த பிறகே கிடைக்கும்.

ஓய்வூதியம் பற்றிப் பேசும்போது பிரிட்டனின் ஜான் வாக்கர் வழக்கைச் சொல்ல வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்து, சக ஊழியர்கள் கட்டிய அதே சந்தாவைக் கட்டியவர். அவர் இறந்தால் கணவருக்கு ஆண்டுக்குச் சுமார் 1,000 பவுண்டுதான் வரும் என்றார்கள். அவருக்கு மனைவி இருந்திருந்தால் சுமார் 45,000 பவுண்டு. 2005 டிசம்பரில் சிவில் இணைவுச் சட்டம் (திருமணம் என்ற பெயர் இல்லாமல் இணையரை அரசு பதிவு செய்யும் ஏற்பாடு) நடைமுறைக்கு வந்ததற்கு முந்தைய பணிக்காலத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்று சட்டத்திலேயே ஒரு விலக்கு இருந்தது. 2014-ல் அங்கே திருமணமும் வந்துவிட்டது, ஆனால் அந்த விலக்கு அப்படியே இருந்தது. 2017-ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகுதான் சமமானது. திருமண உரிமை வந்த அன்றே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பழைய விதிகள் மூலைமுடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றாகத் தேடித்தான் பிடுங்க வேண்டும்.

வீடு. வாடகை ஒப்பந்தம் ஒருவர் பெயரில் இருந்து அவர் இறந்தால் மற்றவர் தெருவில் நிற்க வேண்டியதுதானா? நியூயார்க் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1989-லேயே இல்லை என்றது. வாடகைக் கட்டுப்பாட்டு விதியில் வரும் குடும்பம் என்ற சொல்லுக்குத் திருமணச் சான்றிதழ் மட்டுமே பொருள் அல்ல, எத்தனை காலம் சேர்ந்திருந்தார்கள், செலவை எப்படிப் பகிர்ந்தார்கள், ஒருவரை ஒருவர் எப்படி நம்பியிருந்தார்கள் என்று பார்க்க வேண்டும் என்றது. சிங்கப்பூரில் வேறுவிதம். அரசு அடுக்குமாடி வீட்டை மணமானவர்கள் 21 வயதிலிருந்தே வாங்கலாம். தன்பாலின இணையர் வாங்க வேண்டுமானால் இருவரும் தனியாட்களாகக் கருதப்பட்டு 35 வயதுவரை காத்திருக்க வேண்டும். அங்கே ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 377அ சட்டப் பிரிவை நீக்க 2022-ல் முடிவெடுத்தார்கள். அதோடு சேர்த்தே, திருமணத்தின் வரையறையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாதபடி அரசியலமைப்பையும் திருத்தினார்கள். இலங்கையிலும் மலேசியாவிலும் தன்பாலின உறவையே குற்றமாக்கும் பிரிவுகள் இன்னும் ஏட்டில் இருக்கின்றன என்பதால், அங்குள்ளவர்களுக்கு இந்தக் கேள்விகூட ஒரு படி தள்ளித்தான் வருகிறது.

குழந்தை விஷயத்தில்தான் எனக்கு மனம் அதிகம் வலிக்கிறது, ஏனென்றால் இங்கே இழப்பவர் எதையும் தேர்ந்தெடுக்காத ஒரு பிஞ்சு. இந்தியாவில் தத்தெடுக்கும் தம்பதி இரண்டு வருடம் நிலையான திருமண வாழ்க்கை வாழ்ந்திருக்க வேண்டும். இணையர் ஒன்றாகத் தத்தெடுக்க முடியாது. தனியாள் என்ற முறையில் ஒருவர் தத்தெடுக்கலாம் (தனி ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது). அப்படிச் செய்தால் மற்றவர் அந்தக் குழந்தைக்குச் சட்டப்படி யாரும் இல்லை. பள்ளியில் கையெழுத்துப் போட முடியாது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க முடியாது. தத்தெடுத்தவர் விபத்தில் போய்விட்டால், இரவெல்லாம் தூக்கித் திரிந்த மற்றவரிடம் அல்லாமல், குழந்தை தாத்தா பாட்டியிடமோ காப்பகத்துக்கோ போகலாம். வாடகைத் தாய் சட்டத்தில் இணையருக்கு இடமே இல்லை. உயிலில் காப்பாளராகப் பெயர் எழுதிவைக்கலாம், நீதிமன்றம் அதைப் பார்க்கும், ஆனால் பெற்றோர் என்ற நிலை அதனால் வராது.

மற்ற நாடுகளிலும் குழந்தை என்று வந்தால்தான் கடைசிவரை இழுத்தடித்தார்கள். டென்மார்க் 1989-ல் உலகிலேயே முதலாவதாகப் பதிவு இணைவைக் கொண்டுவந்தபோது தத்தெடுப்பை வெளியே வைத்தது. இத்தாலி 2016-ல் சிவில் இணைவைக் கொண்டுவந்தபோது, இணையரின் குழந்தையைத் தத்தெடுக்கும் பிரிவை நீக்கிய பிறகே சட்டம் நிறைவேறியது. தைவான் 2019-ல் திருமணத்தை அனுமதித்தும், இருவரும் சேர்ந்து தத்தெடுக்க 2023 வரை ஆனது. அமெரிக்காவின் ஆர்கன்சாவில், கொடையாளரின் உயிரணுவால் பிறந்த குழந்தையாக இருந்தாலும் தாயின் கணவர் பெயரைப் பிறப்புச் சான்றிதழில் அப்பா என்று போட்டார்கள். தாயின் மனைவி பெயரைப் போட மறுத்தார்கள். 2017-ல் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

எல்லை தாண்டும்போது இன்னொரு வேறுபாடு தெரியும். திருமணம் ஓரளவுக்குப் பயணம் செய்யும், மற்ற ஏற்பாடுகள் அவ்வளவாகச் செய்யாது. ஹாங்காங்கில் தன்பாலினத் திருமணம் இல்லை, ஆனாலும் வெளிநாட்டில் சிவில் இணைவு செய்துகொண்டு வந்த ஒரு பெண்ணுக்குத் துணைவர் விசா கொடுக்க வேண்டும் என்று 2018-ல் அதன் உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் கிடைத்தது. அதே வருடம் ஐரோப்பிய நீதிமன்றம், குடியிருப்பு உரிமைக்கான சட்டத்தில் துணைவர் என்ற சொல் தன்பாலினத் துணைவரையும் குறிக்கும் என்று ருமேனியா வழக்கில் கூறியது. தென் கொரியாவில் 2024-ல், தேசிய மருத்துவக் காப்பீட்டில் இணையரைச் சார்ந்திருப்பவராகச் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. இப்படி ஒரு நேரத்தில் ஒரு உரிமையை, ஒவ்வொரு முறையும் வழக்குப் போட்டு வாங்குகிறார்கள். ஆயிரத்துச் சொச்சம் உரிமைகளை இப்படி வாங்க எத்தனை பேர் ஆயுள் வேண்டும்?

இணையர் பிரிந்துபோவது பற்றி யாரும் கேட்பதில்லை, கேட்காமலே நான் சொல்கிறேன். திருமணம் தரும் பாதுகாப்பில் பாதி, அது முறிகிற நாளில்தான் வெளியே தெரியும். ஒருவர் வேலையை விட்டு வீட்டையும் மற்றவரின் வயதான தாயையும் பத்து வருடம் பார்த்துக்கொண்டார் என்று வையுங்கள். வீடு சம்பாதித்தவர் பெயரில் இருக்கிறது. மனம் கசந்து பிரிகிறார்கள். மனைவியாக இருந்தால் ஜீவனாம்சம் கேட்கலாம். பல நாடுகளில் சொத்தில் பங்கே கேட்கலாம். இணையர் துணிமணியை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டியதுதான். வீட்டுக்குக் கொடுத்த பணத்துக்கு வங்கிச் சீட்டு இருந்தால் அதை வைத்து உரிமையியல் வழக்குப் போடலாம், உழைப்புக்குச் சீட்டு ஏது?

திருமணம் சலுகை மட்டுமே தருகிறது என்றும் நினைக்க வேண்டாம். பிரிய விரும்பினால் நீதிமன்றம் போக வேண்டும். பல நாடுகளில் இருவர் வருமானத்தையும் சேர்த்துப் பார்த்து அரசு உதவித்தொகையைக் குறைப்பார்கள். இந்தியாவில் மனைவிக்குக் கொடுத்த சொத்திலிருந்து வரும் வருமானத்தைக் கணவன் கணக்கில் சேர்த்து வரி போடுவார்கள். இந்தச் சுமைகளையும் சேர்த்துத்தான் அவர்கள் கேட்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

"திருமணம் என்ற பெயர் வேண்டாம், வேறு பெயரில் உரிமை கொடுத்தால் போதாதா?" என்றும் அடுத்துக் கேட்பார்கள். பிரான்சில் 1999-ல் அப்படி ஒரு குடிமை ஒப்பந்தம் கொண்டுவந்தார்கள். இன்று அதை அதிகம் பயன்படுத்துவது ஆண்-பெண் இணையர்தான். அவ்வளவு வசதியானது. 2007-லிருந்து அதில் இறப்பு வரி விலக்குகூட உண்டு. ஆனால் உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் மற்றவருக்கு வாரிசுரிமை கிடையாது, துணைவர் ஓய்வூதியமும் கிடையாது. ஜப்பானில் 2015-ல் தோக்கியோவின் ஷிபுயா வட்டாரம் இணைவுச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது. பல நகரங்கள் பின்தொடர்ந்தன. அதைக் காட்டி வீடு வாடகைக்கு எடுக்கலாம், மருத்துவமனையில் மரியாதை கிடைக்கலாம், வாரிசாக முடியாது. என் அபிப்பிராயம், தனிப் பதிவேடு ஒன்றும் இல்லாததற்கு எவ்வளவோ மேல், ஆனால் அது எங்காவது ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். சட்டப் புத்தகம் முழுக்கக் கணவன் மனைவி என்று எழுதியிருக்கும்போது, புதுப் பெயரை ஒவ்வொரு இடத்திலும் யாராவது நினைவாகச் சேர்க்க வேண்டும். யாராவது ஒரு இடத்தை மறப்பார்கள், அந்த இடத்தில் ஒரு விதவை மாட்டிக்கொள்வார். தாய்லாந்து செய்ததுதான் சரி. குடும்பச் சட்டத்திலேயே கணவன், மனைவி என்ற சொற்களைத் துணைவர் என்று மாற்றிவிட்டது. 2025 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது.

இந்தியாவில் இப்போது என்ன நிலைமை? 2018 செப்டம்பரில், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் சட்டப் பிரிவின் பிடியிலிருந்து விடுதலை. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, திருமணம் செய்வது அடிப்படை உரிமை அல்ல, சிறப்புத் திருமணச் சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்றது. இதில் ஐவரும் ஒருமித்தார்கள். சிவில் இணைவுக்கான உரிமை, சேர்ந்து தத்தெடுக்கும் உரிமை இரண்டும் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தவறிப்போயின. சீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகின. திருநர் ஒருவர் எதிர்பாலினத்தவரை மணப்பதற்கு ஏற்கெனவே உள்ள சட்டத்தில் இடம் உண்டு என்பதையும் அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது. சென்னை உயர் நீதிமன்றம் ஒரு திருநங்கையின் திருமணத்தில் 2019-லேயே இதைச் சொல்லியிருந்தது.

தீர்ப்புக்குப் பிறகு அமைச்சரவைச் செயலர் தலைமையில் குழு அமைத்தார்கள். 2024-ல் சில கடிதங்கள் வந்தன. இணையரை ஒரே குடும்பமாகக் கருதிக் குடும்ப அட்டை கொடுக்கலாம். கூட்டு வங்கிக் கணக்குக்கும் நாமினியாக்கவும் தடையில்லை. நெருங்கிய உறவினர் இல்லாதபோது உடலை இணையர் பெற்றுக்கொள்ளலாம். கடைசியில் உள்ள அந்த "இல்லாதபோது" என்ற சொல்லைத் திரும்பப் படியுங்கள். உறவினர் வந்து நின்றால்? கடிதத்தில் பதில் இல்லை. இவை சட்டமும் அல்ல, நிர்வாக அறிவுரை. இருந்தாலும் ஒரு அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள், வங்கிக் கவுன்ட்டரில் உதவும்.

சென்னை உயர் நீதிமன்றம் இரண்டு முறை நம்பிக்கை தந்திருக்கிறது. 2023 நவம்பரில், இணையர் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் குடும்பப் பிணைப்பு ஆவணத்துக்கு அங்கீகாரம் தரும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு அரசு பரிசீலிக்கலாம் என்றது. 2025 மே மாதம், குடும்பத்தை உருவாக்கத் திருமணம் ஒன்று மட்டுமே வழி அல்ல, தேர்ந்தெடுத்த குடும்பம் என்ற கருத்தைச் சட்டம் ஏற்கும் என்றது. பெற்றோர் அடைத்துவைத்திருந்த ஓர் இளம்பெண்ணை விடுவித்த வழக்கு அது. அந்தப் பெண் விருப்பப்பட்டவரோடு போனார்.

இந்தியாவில் இருக்கும் இணையர் இப்போதைக்குச் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் உயில். இருவரும் தனித்தனியாக எழுதுங்கள், முடிந்தால் பதிவு செய்யுங்கள். சாட்சிகளில் ஒருவர் மருத்துவராக இருந்தால், சுயநினைவோடு எழுதினார் என்பதற்கு வலுவாக இருக்கும். சொத்து பெறுபவர் சாட்சியாக இருக்க வேண்டாம். நாமினி பெயரும் உயிலில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் வாங்குபவரும் உரியவரும் ஒருவராவார். வீடு வாங்கினால் முதல் நாளே இரண்டு பெயரிலும் வாங்குங்கள், யார் எவ்வளவு போட்டார் என்பதைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பின்னால் எழுதிக் கொடுக்கலாம் என்று தள்ளினால் வரியும் முத்திரைக் கட்டணமும் குறுக்கே வரும். வருங்கால வைப்பு நிதியில் பெற்றோரைத்தான் போட்டாக வேண்டும் என்றால், இணையருக்கு வேறு வழியில் அந்த அளவுக்குச் சேமிப்பை உருவாக்குங்கள். மனநலச் சட்டப்படியான நியமனக் கடிதம், மருத்துவ அறிவுறுத்தல் இரண்டையும் எழுதுங்கள். வெளிநாட்டில் மணம் செய்திருந்தால், இந்தியச் சட்டம் அதை ஏற்காது என்றாலும் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள், வேறு நாட்டுக்கு விசா வாங்கும்போது அதற்கு மதிப்பு உண்டு.

அப்புறம், இரு வீட்டிலும் உங்களோடு பேசுகிற ஒருவராவது இருப்பார். தங்கையோ சித்தியோ, யாரோ ஒருவர். இந்தக் காகிதங்கள் எங்கே இருக்கின்றன என்பதை அவரிடம் இப்போதே சொல்லி, ஒரு நகலையும் கொடுத்துவையுங்கள். மருத்துவமனையில் "ரத்த சொந்தம் யார்?" என்று கேட்கும்போது போன் செய்ய வேண்டியது அவருக்குத்தான்.